ஆப்பிள்கிராஸில் ஒரு கொலையைத் திட்டமிட்ட விதம்

நான் எழுதிக்கொண்டிருக்கும் துப்பறியும் நாவலில் கொலை நடப்பது 1994 ஜனவரி 1, அதிகாலை இரண்டரை மணி வாக்கில். இடம், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் ஆப்பிள்கிராஸ் விரிகுடா. இந்தத் தேதியையும் நேரத்தையும் நான் யோசித்துப் பிடித்ததாகச் சொன்னால் அது பொய். ஊரைத் தேர்ந்ததும் சாலை வந்தது, சாலையோடு குளிர்காலம் வந்தது, குளிர்காலத்தோடு கடலும் நிலாவும் சட்டமும் வரிசையாக வந்து நின்றன. எழுத்து வேலையைவிடத் தச்சு வேலைக்கு நெருக்கமாக இருந்த அந்தத் தயாரிப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஊரின் நிலவடிவம் மட்டும்தான் ஆப்பிள்கிராஸ். வீடுகள், ஆட்கள், பகைகள் எல்லாம் என் கற்பனை. நாவலில் ஊருக்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன். நிஜத்தில் சில நூறு பேர் மட்டும் வாழும் ஓர் இடத்தின் பெயரைப் போட்டு அதில் ஒரு கொலைகாரரை உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த இடம் பிடித்துப்போனதற்குக் காரணம், இங்கே வர இரண்டே சாலைகள். ஒன்று பெயாலாக் நா பா என்ற மலைக்கணவாய். கடல் மட்டத்திலிருந்து கிளம்பி 626 மீட்டர் ஏறி மறுபடி கடலுக்கே இறங்கும் சாலை அது. மேலே நெருங்கும்போது கொண்டை ஊசி வளைவுகள். பனி பொழிந்தால் மூடிவிடுவார்கள். இன்னொன்று ஷீல்டெய்க் வழியாக வரும் கரையோரச் சாலை, 1970களில்தான் போட்டார்கள். அதற்கு முன் கணவாய் மூடினால் படகை விட்டால் கதியில்லை. இரண்டுமே ஒற்றைத்தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க, ஆங்காங்கே அகலப்படுத்திய இடங்கள் இருக்கும். கணவாயை மூடிவிட்டால் ஊர் கிட்டத்தட்ட ஒரு பூட்டிய அறை, ஒரே ஒரு சாவித்துளை மட்டும் திறந்த அறை. குற்றக்கதை எழுதுபவருக்கு வேறென்ன வேண்டும்?

பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் எக்ஸ்ப்ளோரர் 428ஆம் தாளை எடுத்துக்கொண்டேன். 1:25,000 அளவு, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர். தாளைத் தெர்மோகோல் பலகையில் ஒட்டி, கதையில் வரும் வீடுகளுக்குக் குண்டூசி குத்தி, தூரங்களைத் தையல் நூலால் அளந்தேன். கணினியில் அளக்கலாம்தான். ஆனால் நூலை வளைவுக்கு வளைவு திருப்பி வைக்கும்போதுதான், எந்த ஜன்னலிலிருந்து எந்தத் திருப்பம் தெரியும், எது மேட்டுக்குப் பின்னால் மறையும் என்பது கைக்குப் பிடிபடுகிறது. உயரக்கோடுகளையும் கூடவே பார்க்க வேண்டும். என் சாட்சிகளில் ஒருவர் பார்த்ததாக வைத்திருந்த விளக்கு வெளிச்சத்தை, நடுவிலிருந்த முப்பது மீட்டர் மேடு விழுங்கிவிட்டது. அந்த அம்மாவின் வீட்டை விரிகுடாவின் மறுபக்கம் மாற்றினேன்.

அந்த வரைபடத்தில் ஒரு விசேஷம் உண்டு. இங்கிலாந்துத் தாள்களில் கரையோரம் வரைந்திருக்கும் இரண்டு கோடுகளும் கடலின் சராசரி ஏற்ற மட்டம், சராசரி வற்று மட்டம். ஸ்காட்லாந்துத் தாள்களில் அவை பவுர்ணமி, அமாவாசையை ஒட்டி வரும் பெரிய ஓதத்தின், அதாவது கடல் அதிகம் ஏறி அதிகம் இறங்கும் நாட்களின், ஏற்றமும் வற்றும். கரைநிலம் என்பதை அந்த நாட்டுச் சட்டம் அப்படித்தான் வரையறுக்கிறது. ஆக, ஆப்பிள்கிராஸ் விரிகுடாவில் மணல் நிறத்தில் தெரியும் அவ்வளவு பரப்பும் எல்லா நாளும் வெளியே வராது. மாதத்தில் சில நாட்கள் மட்டுமே வரும். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கதை உருளத் தொடங்கியது.

மேற்குக் கரையின் அந்தப் பகுதியில் பெரிய ஓத நாட்களில் கடல் ஏறி நிற்பது பெரும்பாலும் காலை, மாலை ஏழு மணியை ஒட்டி, நாள் போகப் போகச் சற்றுப் பிந்தும். முழுதாக வற்றுவது பகல் ஒன்று, இரவு ஒன்றை ஒட்டி. அதாவது மணல் அதிகம் வெளிவரும் இரவுகளில், அது வெளிவருவது நள்ளிரவு தாண்டித்தான். பவுர்ணமியை ஒட்டிய இரவென்றால் கூடவே நிலாவும் பெரிதாக இருக்கும். கொலைகாரருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

இனி தேதி. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸைவிடப் பெரிய கொண்டாட்டம் வருடக் கடைசி இரவு, ஹாக்மனே. கிறிஸ்துமஸ் நாள் அங்கே பொது விடுமுறையானதே 1958இல்தான். ஹாக்மனே இரவில் பன்னிரண்டு அடித்ததும் வீடு வீடாகப் போவார்கள். புத்தாண்டில் முதலில் வாசற்படி தாண்டுபவர் உயரமான, கருத்த முடிக்கார ஆணாக இருந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். கையில் ஒரு கரித்துண்டோ விஸ்கியோ இருக்கும். எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போகும் இரவு. யாரைக் கேட்டாலும் 'பார்த்தேனே' என்பார்கள், எத்தனை மணிக்கு என்றால் விழிப்பார்கள். அலிபி, அதாவது அந்த நேரம் வேறு இடத்தில் இருந்ததற்கான ஆதாரம், எல்லோரிடமும் இருக்கும், எதுவும் உறுதியாக இருக்காது.

ஹாக்மனேயும் பெரிய ஓதமும் சேர்ந்து வரும் ஆண்டைத் தேடினேன். 1993 டிசம்பர் 28இல் பவுர்ணமி. பெரிய ஓதம் பவுர்ணமிக்கு ஓரிரு நாள் தள்ளித்தான் உச்சம் தொடும். எனவே டிசம்பர் 31 இரவு இன்னும் நல்ல வற்று. கணக்குப் போட்டால் ஜனவரி 1 அதிகாலை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கடல் கடைசிவரை பின்வாங்கியிருக்கும். அது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. புத்தாண்டு விடுமுறை இரண்டும் வார இறுதியில் விழுந்ததால் திங்களும் செவ்வாயும் அதற்கு ஈடாக விடுமுறை. நான்கு நாட்கள் அலுவலகம் எதுவும் முழுதாக இயங்காது. காலண்டரைப் பார்த்துவிட்டு எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

ஒரு சார்ட் தாளில் கால்மணி நேரத்துக்கு ஒரு வரி போட்டு, இடப்பக்கம் கடல் மட்டம், வலப்பக்கம் ஆட்கள் என்று நிரப்பினேன். கடல் மட்டத்துக்கு மாலுமிகள் வைத்திருக்கும் பன்னிரண்டில் பங்குக் கணக்கு போதும். வற்றிலிருந்து ஏற்றத்துக்கு ஆகும் ஆறு மணிச் சொச்சத்தில் முதல் மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஏறும், அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. அங்கே பெரிய ஓதத்தின் வீச்சு சுமார் நாலரை மீட்டர். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் தலா ஒரு மீட்டருக்கு மேல் ஏறிவிடும். தட்டையான மணலில் ஒரு மீட்டர் ஏற்றம் என்பது கிடைமட்டமாக எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டே முக்காலுக்குக் கடல் திரும்பத் தொடங்கினால், ஆறே முக்காலுக்குள் முக்கால்வாசி ஏற்றம் முடிந்துவிடும். காலை ஒன்பதுக்குக் கடல் நிறைந்து நிற்கும். சூரியன் உதிப்பதும் அங்கே ஜனவரியில் ஒன்பது மணிக்குச் சற்றுப் பிறகுதான். முதல் வெளிச்சத்தில் ஊர் கண்விழித்துப் பார்க்கும்போது, விளிம்புவரை தளும்பும் விரிகுடாதான் தெரியும். காலடித் தடம் கிடையாது. மீண்டும் கடல் இறங்கி, மதியம் இரண்டு மணி வாக்கில்தான் உடல் தட்டுப்படுகிறது. சூரியன் மறைவது மூன்றே முக்காலுக்கு. கணவாய் மூடியிருக்கிறது. இன்வர்னெஸ்ஸிலிருந்து துப்பறியும் பிரிவினர் டொரிடன், ஷீல்டெய்க் சுற்றி ஏறக்குறைய 150 கிலோமீட்டர் வர வேண்டும், கடைசிப் பகுதி முழுக்க ஒற்றைத்தடம். அவர்கள் வந்து இறங்கும்போது இருட்டு, குற்றம் நடந்த இடம் மறுபடி தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இந்த அத்தியாயத்தில் நான் கற்பனையாகச் சேர்த்தது பனியை மட்டும்தான்.

உடலைப் படகில் கொண்டுபோய்க் கடலில் போட்டிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆப்பிள்கிராஸுக்கும் ராசே தீவுக்கும் நடுவிலுள்ள இன்னர் சவுண்ட் நீரிணை சில இடங்களில் 300 மீட்டருக்கு மேல் ஆழம். ஆனால் அந்த ஆழத்தை நம் கொலைகாரருக்கு முன்பே பிரிட்டிஷ் ராணுவம் கண்டுபிடித்துவிட்டது. நீர்மூழ்கிகளின் சத்தத்தை அளக்கும் சோதனைக்களம் அங்கேதான் இருக்கிறது, அதன் கரை நிலையம் ஆப்பிள்கிராஸுக்கு வடக்கே சாண்ட் கடற்கரையில். கடலுக்கடியில் ஒலிவாங்கிகளைப் பரப்பிவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நடு இரவில் படகு எடுக்கும் ஆளை நான் புத்திசாலியாகக் காட்ட முடியாது. படகு வேண்டாம் என்று முடிவு.

இதுவரை நிலமும் கடலும். என் மூலத்திட்டத்தை உண்மையில் புரட்டிப் போட்டது சட்டம்.

ஆங்கிலக் கிராமத்துக் குற்றக்கதைகளைப் படித்து வளர்ந்தவர்களின் மனதில் ஒரு வரிசை பதிந்திருக்கும்: பிணம், கொரோனர் என்ற மரண விசாரணை அதிகாரியின் விசாரணை, தனியாளாகத் திரியும் துப்பறிவாளர், கடைசியில் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து உண்மையை அவிழ்ப்பது, குற்றவாளி உடைந்து ஒப்புக்கொள்வது. ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபோதும் தன் சட்டத்தையும் நீதிமன்றங்களையும் அது தனியாகவே வைத்துக்கொண்டது. அங்கே கொரோனர் என்ற பதவியே இல்லை. சந்தேக மரணம் எதுவானாலும் புரோகியூரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்கறிஞரின் கையில் போகும். போலீஸ் அவருடைய வழிகாட்டலில்தான் விசாரிக்கும். என் கதைக்கு அவர் டிங்வாலில் இருக்கிறார், ஷெரிஃப் என்ற நீதிபதியின் நீதிமன்றமும் அப்போது அங்கேதான் இருந்தது. தொலைபேசியில் மட்டுமே வரும் பாத்திரமாக அவரை வைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரியது, இரண்டு என்ற எண். ஸ்காட்லாந்தில் ஒரே ஒரு சான்றை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. குற்றம் நடந்தது, அதைச் செய்தவர் இவர் என்ற இரண்டுக்குமே ஒன்றையொன்று சாராத இரு சான்றுகள் வேண்டும். ஒரு சாட்சி எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் போதாது. ஒப்புதல் வாக்குமூலம்கூடத் தனியாக நிற்காது. இதன் விளைவு எங்கும் பரவியிருக்கிறது. போலீஸார் முக்கியமான விசாரணைக்கு இரண்டிரண்டு பேராகப் போவார்கள். கொலை என்று சந்தேகித்தால் பிரேதப் பரிசோதனையை இரண்டு நோயியல் மருத்துவர்கள் சேர்ந்து செய்வார்கள். புகைக்குழாய் பற்றவைத்துக்கொண்டு தனியாகக் கண்டுபிடித்துவிடும் மேதைக்கு அங்கே வேலையே இல்லை. அவர் கண்டதைக் கூட நின்று கண்ட இன்னொருவர் வேண்டும்.

என் துப்பறிவாளரை இரண்டாக உடைத்தேன். ஓர் இன்ஸ்பெக்டர், இன்வர்னெஸ்காரர். கூட ஒரு பெண் சார்ஜன்ட், தீவில் பிறந்தவர். ஒருவர் குறிப்பேட்டில் எழுதியதற்கு மற்றவர் சாட்சி என்பதால், இருவரும் ஒருவரை ஒருவர் நம்பியாக வேண்டும், பிடிக்காவிட்டாலும். பழைய திட்டத்தில் இல்லாத ஓர் உறவு சட்டத்திலிருந்தே கிடைத்துவிட்டது.

1994 என்பதில் வேறு லாபங்களும் இருந்தன. போலீஸ் ஸ்காட்லாந்து என்ற ஒரே படை 2013இல்தான் உருவானது. அதற்கு முன் ஹைலேண்ட்ஸ் என்ற வடக்கு மலைப்பகுதிக்கு நார்தர்ன் கான்ஸ்டபுலரி என்ற தனிப் படை இருந்தது. 1980 சட்டப்படி சந்தேகப்படுபவரை ஆறு மணி நேரம் மட்டும் பிடித்துவைத்து விசாரிக்கலாம். அதற்குள் கைது செய்ய வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். விட்ட பிறகு அதே காரணத்துக்கு மறுபடி பிடித்துவைக்க முடியாது. அந்த ஆறு மணி நேரத்தில் வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையும் அப்போது இல்லை. 2010இல் பிரிட்டன் உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால்தான் அது மாறியது. குற்றம் சாட்டிய பிறகு கேள்வி கேட்கவும் கூடாது. பனிக்காலத்தில் ஊரிலிருந்து காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் பயணமே அந்த ஆறு மணியைக் கடித்துத் தின்னும். 'இப்போது பிடிக்கலாமா, கணவாய் திறக்கட்டுமா' என்ற தவிப்பில் ஒரு முழு அத்தியாயம் ஓடுகிறது. இன்றைய காலத்தில் கதை வைப்பவர்கள் இவை எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், பலவும் மாறிவிட்டன. குற்றவாளி, குற்றவாளி அல்ல என்ற இரண்டோடு அங்கே இருந்த 'நிரூபிக்கப்படவில்லை' என்ற மூன்றாவது தீர்ப்பையும் 2025இல் நிறைவேறிய சட்டம் ஒழித்துவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்போடு நாவலை முடிக்கும் ஆசை கொஞ்சம் இருந்தது. ஸ்காட்லாந்து என்றாலே எல்லோரும் கை வைக்கும் இடம் அது என்பதால் விட்டுவிட்டேன்.

கொலைக்கான காரணத்தையும் சட்டமே திருத்தியது. 'அப்பா உயிலில் மகனை ஒதுக்கிவிட்டார்' என்பது அங்கே பாதிதான் செல்லும். பணம், பொருள் போன்ற அசையும் சொத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு உறுதி, உயில் என்ன சொன்னாலும். நிலமும் வீடும் அந்தப் பாதுகாப்பில் வராது. எனவே நிலத்துக்குப் போனேன். கிராஃப்ட் என்ற சிறு குத்தகை நிலத்துக்கு 1886 முதல் வலுவான குத்தகைப் பாதுகாப்பு உண்டு. 1976 சட்டம் இன்னொன்றையும் தந்தது: குத்தகைதாரர் ஆண்டு வாடகையைப்போல் பதினைந்து மடங்கு கொடுத்து நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். வாடகையோ சொற்பம். கடல் பார்த்த அந்த நிலத்தில் விடுமுறை வீடு கட்ட வரும் வெளியூர்க்காரர் கொடுக்கும் விலையோ வேறு. என் கதையில் செத்துப்போகிறவர் மேய்ச்சல் நிலக் குழுவின் செயலர். யார் எதை யாருக்கு மாற்றப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய பதிவேட்டில் இருக்கிறது.

துப்பு எதுவாக இருக்கலாம் என்பதில்தான் அதிக நேரம் போனது. கைரேகை, தலைமுடி எல்லாம் எந்த ஊர்க் கதையிலும் வரும். இந்த ஊரில் மட்டும் துப்பாகக்கூடிய ஒன்று வேண்டும். கடைசியில் அது ஒரு கம்பளிக் கால்சட்டையாக வந்து நின்றது. கொலை நடப்பது வற்றிய கடலின் விளிம்பில், முழங்கால் தண்ணீரில். உப்புநீரில் நனைந்த கம்பளி சரியாகக் காயவே காயாது, உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் அலசியாக வேண்டும். ஆனால் புத்தாண்டு நாளில் துணி துவைத்தால் வீட்டில் ஒருவரையே துவைத்துச் சாவுக்கு அனுப்பிவிடுவோம் என்பது பழைய நம்பிக்கை. மறுநாள் ஞாயிறு. ஃப்ரீ பிரெஸ்பிட்டீரியன் சபை வேரோடிய அந்தக் கரையில் ஓய்வுநாளில் கொடியில் துணி தெரிந்தால் ஊரே பேசும். சனியும் போச்சு, ஞாயிறும் போச்சு. இரண்டு நாள் அந்தக் கால்சட்டையைக் கொலைகாரர் எங்கேயாவது ஒளித்துவைத்தே ஆக வேண்டும். அதற்குள் அது இரண்டு பேர் கையில் ஈரமாகத் தட்டுப்பட வேண்டும், ஒருவர் போதாது.

இதில் ஒரு நுட்பம், வரைபடத்தில் நூலை வைத்தபோது கண்ணில் பட்டது. விரிகுடாவின் தலைப்பில் ஆப்பிள்கிராஸ் ஆறு வந்து கலக்கிறது. கொலைகாரர் மணல் வழியே குறுக்காக வீடு திரும்பினால் ஆற்றைக் கடக்க வேண்டும், உப்பு அங்கேயே அலசிப்போய்விடும். துப்பு காலி. அவரைப் பாலம் வழியாகச் சுற்றிப் போக வைத்தேன். சுற்றியதால் நேரம் கூடியது, கூடிய நேரத்தில் பாலத்தருகே ஒருவர் அவரைப் பார்க்க முடிந்தது. இரண்டாவது சாட்சிக்காக நான் எதையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை.

முடிவுக்கு ஒரு பழைய வழக்கு உதவியது. 1958இல் தூக்கிலிடப்பட்ட பீட்டர் மானுவல் என்ற கொலைகாரனின் வழக்கில், தான் உடலைப் புதைத்த இடத்தை அவனே போலீஸுக்குக் காட்டினான். செய்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரம் வாக்குமூலத்தில் இருந்து, அது உண்மை என்று தனியாக உறுதிப்பட்டால், அந்த விவரமே இரண்டாவது சான்றாகும் என்பது அதிலிருந்து வளர்ந்த கோட்பாடு. என் கொலைகாரர் அடித்த இரும்புக் கம்பியை, வற்றின் விளிம்பிலிருக்கும் பழைய படகுச் சங்கிலியோடு சேர்த்துக் கட்டிவிட்டு வந்தவர். அவர் வாய் திறப்பது ஜனவரி 6இல், கடல் அதிகம் வற்றாத வாரத்தில். ஜனவரி 11 அமாவாசை, பெரிய ஓதம் 13ஐ ஒட்டி. ஷெரிஃப் முன் முதலில் நிறுத்திய பிறகு எட்டு நாட்களுக்குள் அடுத்த கட்டத்துக்கு ஆதாரத்தோடு வர வேண்டும். முக்குளிப்பவர்களை அனுப்பலாமே என்பீர்கள். அந்த வாரம் முழுக்க மேற்கிலிருந்து புயல் அடிக்கிறது. கடலிடம் நான் கேட்டு வாங்கிய ஒரே சலுகை அதுதான், வாசகர் பொறுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

உரையாடல் ஒரு தனி வேலை. அந்த ஊர் மனிதர்களுக்கு நெல்லைத் தமிழோ கொங்குத் தமிழோ கொடுத்தால் அவர்கள் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். எல்லோரையும் நேரான எழுத்துத் தமிழில் பேச விட்டேன். நீ, நீங்கள் பிரிவில் மட்டும் அந்தப் பகுதியின் பழைய மொழியான கேலிக் (Gaelic) கை கொடுத்தது, அங்கேயும் பெரியவர்களுக்கு மரியாதைப் பன்மை உண்டு. இளம் சார்ஜன்ட் தபால்காரியின் எழுபது வயது அம்மாவிடம் 'நீங்கள்' என்று பேச, அதைக் கேட்டு இன்ஸ்பெக்டருக்கு அவர் இந்தப் பக்கத்துப் பெண் என்று புரிகிறது.

சார்ட் தாள் இப்போது நிரம்பிவிட்டது. மீதமிருப்பது வலப்பக்கத்தில் ஒன்றரை முதல் இரண்டே கால் வரை ஒரு வெற்றிடம், தபால்காரி எங்கே இருந்தார் என்பது. அவரை எந்த வீட்டில் வைத்தாலும் இன்னொருவரின் அலிபி உடைகிறது. ஒருவேளை அதையே எட்டாம் அத்தியாயமாக்கிவிடலாம்.